பால் காய்ச்சாத வீடு

அம்மா,

இன்று மதியம் கார் நிறுத்துமிடத்துத் தகரக் கூரையில் ‘டப்’பென்று ஏதோ விழுந்தது. கல்லெறிகிறார்களோ என்று ஓடிப் போய்ப் பார்த்தேன். ஒரு ரப்பர் கொட்டை. பழுப்பு நிறத்தில் வெள்ளைக் கீறல்களோடு, வெயிலில் காய்ந்து, கையில் எடுத்தபோது சூடாக இருந்தது. நம் கடைசி வரிசை வீடுகளுக்குப் பின்னால், பழைய ரப்பர் தோட்டத்தில் வெட்டாமல் விட்டிருக்கும் ஏழெட்டு மரங்களில் ஒன்றிலிருந்து வெடித்து வந்திருக்கிறது. இதைச் சிமெண்டில் தேய்த்துப் பெரியம்மாவின் கையில் சூடு வைத்துவிட்டு, அடி விழுவதற்குள் மரம் ஏறிக்கொண்ட கதையை நீங்கள் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறீர்கள். அந்தச் சத்தத்தை இந்த வீட்டில் உட்கார்ந்து கேட்க உங்களுக்கு வாய்க்கவில்லை. நீங்கள் இங்கே வந்ததே இரண்டு முறைதான்.

முதல் முறை வந்தபோது அப்பா உங்களைக் கிண்டல் செய்யாமல் விடவில்லை. “பாருமா, உங்கம்மா தோட்டத்த விட்டு ஓடி வந்தா. இப்ப காசு குடுத்துத் தோட்டத்துக்கே திரும்பப் போறா” என்றார்.

“அது கம்பெனிக்காரன் வீடு. வேலை போனா வீடும் போச்சு. இது என் வீடு. வித்தியாசம் இருக்குலா” என்றீர்கள் நீங்கள், செருப்பைக் கழற்றிக்கொண்டே.

நாம் பார்க்கப் போன எல்லா வீட்டுக்கும் நீங்கள் ஒரு போத்தல் தண்ணீர் கொண்டு போவீர்கள். குடிக்க அல்ல. சமையலறைத் தரையில் கொஞ்சம் ஊற்றி, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குனிந்து பார்ப்பீர்கள். எனக்கு வெட்கமாக இருக்கும். இந்த வீட்டுக்காரர், ஓய்வு பெற்ற ஆசிரியர், கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கேட்டார்: “என்னம்மா, வாங்குறதுக்கு முன்னாலயே கழுவுறீங்களா?”

“இல்ல சார். எங்க வீட்ல தண்ணி அடுப்பு மூலைக்குத்தான் ஓடும். பதினாலு வருஷமா தொடைச்சுத் தொடைச்சு எனக்கு முதுகு போச்சு.”

இங்கே தண்ணீர் நேராகப் பின்வாசல் சாக்கடைக்கு ஓடியது. நீங்கள் நிமிர்ந்து, “சரி” என்றீர்கள். அந்த ஒரு சொல்லிலேயே வீடு முடிவாகிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அப்புறம்தான் உள்ளறைக்குப் போய் அதன் கதவைத் திறந்து சாத்திப் பார்த்தீர்கள். கனமான பலகைக் கதவு. என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள்.

பழைய வீட்டில் என் அறைக்குக் கதவே கிடையாது. கரையான் அரித்த கதவைக் கழற்றிப் போட்ட நாளிலிருந்து வெறும் திரைதான். நீங்கள் கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வந்து காலையில் படுப்பீர்கள். விடுமுறை நாள்களில் நான் அடுத்த அறையில் வரலாற்றுப் பாடத்தைச் சத்தம் போட்டுப் படிப்பேன். சத்தமாகப் படிக்காவிட்டால் எனக்கு மனத்தில் நிற்காது. “நீ படிக்கிற சத்தத்துல மலாக்கா சுல்தான் எல்லாம் என் கனவுல வராங்கடி. வந்து சம்பளம் வேற கேக்குறாங்க” என்று புலம்புவீர்கள். “அடுத்த வீட்ல உனக்கு ஒரு கதவு. சாத்திட்டுப் படி. நானும் மனுஷி மாதிரி தூங்குவேன்.”

ஆசிரியருக்கு முன்பணம் கொடுத்தோம். பழைய வீடு விற்றால்தான் மீதியைப் புரட்ட முடியும். ஒரு வீட்டை விற்றுக்கொண்டே இன்னொன்றை வாங்குவது, ஓடுகிற ஒரு பஸ்ஸிலிருந்து இன்னொரு பஸ்ஸுக்குத் தாவுவது மாதிரி என்று அப்பா சொல்வார். நம் வேலியில் அறிவிப்புப் பலகை ஏறியது. வீடு பார்க்க ஆள் வரும் நாளில் நீங்கள் செய்யும் அமர்க்களம் இருக்கிறதே! துணிக்கொடியை அவிழ்ப்பீர்கள். ஏலக்காய் போட்டுத் தண்ணீர் கொதிக்கவிடுவீர்கள். என்னை முன்கூடத்தில் புத்தகத்தோடு உட்கார வைப்பீர்கள். “படிக்கிற புள்ள இருந்த வீடுன்னா நம்மாளுங்க வாங்குவாங்க. கொஞ்சம் தடியான புத்தகமா எடு.”

அந்தச் சனிக்கிழமையும் ஆள் வருவதாக இருந்தது. நீங்கள் வேலை முடிந்து வந்தீர்கள். தலைக்குக் குளித்தீர்கள். “கொஞ்சம் படுக்கிறேன். அவங்க வர்றதுக்கு முன்னால எழுப்பிவிடு. தரையில தண்ணி நிக்குதான்னு பாத்துக்க” என்றீர்கள். நான் தரையைத் துடைத்தேன். ஏலக்காய்த் தண்ணீர் வைத்தேன். புத்தகம் எடுத்து வைத்தேன். பிறகு உங்களை எழுப்ப வந்தேன்.

தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது என்றார்கள். வீடு பார்க்க வந்தவர்கள் வாசலில் கூட்டத்தைக் கண்டு காரைத் திருப்பிக்கொண்டு போனார்கள். அவர்களை அழைத்து வந்த வீட்டுத் தரகர் மட்டும், செருப்பைக் கையில் பிடித்தபடி, உள்ளே வருவதா போவதா என்று தெரியாமல் கேட்டருகே வெகுநேரம் நின்றிருந்தார்.

கருமாதி முடிந்ததும் பீடோரிலிருந்து வந்திருந்த பெரியம்மா அப்பாவை உட்கார வைத்துப் பேசினார். “ஒரு வருஷத்துக்கு நல்ல காரியம் எதுவும் கூடாது. புது வீடு, பால் காய்ச்சுறது, எதுவும் வேணாம். அவ படத்துக்கு விளக்கேத்திட்டு இங்கயே இருங்க.” அப்பா தலையாட்டினார். அன்று மாலை வேலியிலிருந்த பலகையைக் கழற்றிச் சுவரோடு சாய்த்து வைத்தார்.

ஆசிரியர் நல்லவர். துக்கம் விசாரிக்க வந்தார். போகும்போது தயங்கித் தயங்கிச் சொன்னார்: “மகள்கிட்ட போகணும். கொஞ்ச நாள் பொறுத்துக்குவேன். வருஷம் முழுக்க முடியாது.” உங்கள் சம்பளமும் இல்லாமல் போன பிறகு, பழைய வீடு விற்காவிட்டால் நீங்கள் தண்ணீர் ஊற்றிப் பார்த்த இந்தத் தரை வேறு யாருக்கோ போய்விடும். அப்பா இரண்டு நாள் அந்தப் பலகையின் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் காலையில் நான் பல் தேய்க்க வெளியே வந்தபோது பலகை மீண்டும் வேலியில் இருந்தது.

தரகர் வந்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்தார். மாலை போட்ட உங்கள் படத்தின் முன்னால் நின்றார். “அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. வர்றவங்க எல்லாம் கேப்பாங்க, வீட்ல யாரும் தவறிட்டாங்களான்னு. படத்த மட்டும் அந்த நேரத்துக்கு உள்ள வச்சிடுங்க. கேட்டா ஆஸ்பத்திரியிலன்னு சொல்லிக்கலாம்.”

அப்பாவால் கை வைக்க முடியவில்லை. நான்தான் எடுத்தேன். உங்கள் அலமாரியில், தொழிற்சாலைக் குளிருக்கு நீங்கள் போட்டுக்கொள்ளும் நீல ஸ்வெட்டரின் மேல், முகம் மேலே பார்க்கும்படி வைத்தேன். மூச்சு முட்டக் கூடாது என்று அலமாரிக் கதவைக் கொஞ்சம் திறந்தே வைத்தேன். வீடு பார்க்க ஆள் வந்தால் உங்களைப் பரபரவென்று ஓடவைத்த அதே வீடு. இப்போது அந்த வீட்டை அழகாகக் காட்ட உங்களையே எடுத்து ஒளித்து வைக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் வந்தவர்கள் போனதும் ஓடிப் போய் உங்களை மறுபடி மாட்டுவேன். சிலர் அடுப்பு மூலையின் ஈரத்தைப் பார்த்து வேண்டாம் என்றார்கள். சிலர் யோசித்துச் சொல்கிறோம் என்று போனவர்கள்தான்.

தெலுக் இந்தானிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. புதிதாகக் கல்யாணமான ஜோடி. பெண்ணின் பெயர் கவிதா. கூடவே மாமியார். கவிதா அக்கா சமையலறைச் சன்னலைத் திறந்து, தூரத்தில் தெரியும் சுண்ணாம்பு மலையைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. மாமியார் முன்கூடத்தில் உங்கள் படம் இல்லாத வெறும் ஆணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் கீழே விளக்குப் புகை படிந்த சுவரையும் பார்த்தார்.

“அண்ணே, கேக்குறேன்னு கோவிச்சுக்காதீங்க. இந்த வீட்ல யாரும் தவறிட்டாங்களா?”

தரகர் வாயைத் திறந்தார். அதற்குள் அப்பா உள்ளே போய்விட்டார். உங்கள் படத்தோடு திரும்பி வந்தார். மாலை ஒரு பக்கம் சரிந்திருந்தது. அதைச் சரி செய்தார். “இது என் சம்சாரம். அந்த ரூம்லதான் போனா. தூக்கத்துல. இனிமே இவள அலமாரியில வைக்க என்னால முடியாது” என்று சொல்லிவிட்டு, எல்லார் முன்னாலும் உங்களை ஆணியில் மாட்டினார்.

“கல்யாணம் ஆகி மூணு மாசம்கூட ஆகல. சாவு நடந்த வீட்டுக்கா மருமகளக் கூட்டிட்டு வர?” என்று மாமியார் மகனிடம் சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டினார். தரகரும் அவர்கள் பின்னாலேயே போய்க் காரில் ஏறினார். வீடு போய்விட்டது, இரண்டு வீடும் போய்விட்டது என்று நினைத்தேன். ஆனாலும் அப்பாவின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அன்று இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு, உங்கள் படத்துக்குக் கீழேயே உட்கார்ந்து சாப்பிட்டோம்.

அடுத்த வாரம் ஒரு மாலை, தரகரும் இல்லாமல் மாமியாரும் இல்லாமல், கவிதா அக்காவும் அவர் கணவரும் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்கள்.

“அங்கிள், இதுவரைக்கும் எத்தனையோ வீடு பாத்துட்டோம். எல்லாரும் ஒண்ணும் ஆகல ஒண்ணும் ஆகலன்னுதான் சொன்னாங்க. நீங்கதான் ஆணியில மாட்டிக் காட்டுனீங்க. வேற எதையும் மறைக்க மாட்டீங்கன்னு தோணுச்சு.”

அப்பா உடனே, “மழை பெஞ்சா அடுப்பு மூலையில தண்ணி நிக்கும்மா. தரை சாய்வு. அதையும் சொல்லிடுறேன்” என்றார். கவிதா அக்காவின் கணவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அக்கா என்னிடம் திரும்பி மெதுவாகக் கேட்டார்: “அம்மா இந்த வீட்ல சந்தோஷமா இருந்தாங்களா?” சம்பளம் கேட்ட மலாக்கா சுல்தான்களைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரித்தார். பிறகு சிரித்ததற்காக வாயைப் பொத்திக்கொண்டார். “மாமிகிட்ட நான் பேசிக்கிறேன்” என்றார்.

பழைய வீடு அப்பாவின் பெயரில் இருந்ததால் பத்திர வேலை அதிகம் இழுக்கவில்லை. சாவி கை மாறியது. நாங்கள் இங்கே வந்தோம். வருஷம் முடியாததால் வாசலில் மாவிலை இல்லை, ஆள் இல்லை, பால் காய்ச்சவில்லை. நுழையும்போது உங்கள் படத்தை நான் பிடித்துக்கொண்டேன். அப்பா அரிசியும் உப்பும் எடுத்துக்கொண்டார். “பால் மட்டும் அடுப்புல ஏறக் கூடாது” என்று பெரியம்மா போனில் திரும்பத் திரும்பச் சொன்னார். அதனால் இந்த வீட்டில் இன்றுவரை பால் சேர்க்காத தேத்தண்ணிதான். ஒரு நல்ல அடுப்பு, அடுப்புப் பக்கம் சாயாத தரை, எதுவும் பொங்காத சமையலறை. நீங்கள் பார்த்தால் சிரிப்பீர்கள்.

பழைய வீட்டில் கவிதா அக்கா பால் காய்ச்சிய நாளில் எங்களையும் கூப்பிட்டார்கள். துக்கம் கழியாதவர்கள் போகக் கூடாது. அப்பா சரி என்றுதான் சொன்னார். ஆனால் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போய்த் திரும்பும் வழியில் காரை நம் பழைய தெருவுக்குள் விட்டார். முனையில் நிறுத்தினார். நம் கேட்டில் மாவிலைத் தோரணம். நீங்கள் துணிக்கொடி கட்டும் தூணில் வாழைக்கன்று. காய்கறிப் பை மடியில் இருக்க, வேற்றாள் வீட்டைப் பார்ப்பது மாதிரி பார்த்துக்கொண்டிருந்தோம்.

கவிதா அக்கா எங்களைப் பார்த்துவிட்டார். பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இரண்டு தம்ளரோடு தெருவில் வேகவேகமாக வந்தார். “வீட்டுக்குள்ளதானே வரக் கூடாது? ரோட்டுல நிக்கலாம்லா. மாமி பாக்குறதுக்குள்ள குடிங்க.” குனிந்து சன்னல் வழியாகத் தம்ளரை நீட்டினார். “கிழக்கு மூலைக்குத்தான் அங்கிள் பொங்குச்சு! எல்லாரும் நல்ல சகுனம்னு சொன்னாங்க. மாமிக்கே மனசு குளுந்து போச்சு.”

அப்பா சிரித்தார். “அந்த அடுப்புல எப்பவும் அந்தப் பக்கம்தாம்மா பொங்கும். என் சம்சாரம் பதினாலு வருஷமா தொடைச்...” என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. தம்ளரைப் பிடித்த கையை ஸ்டீரிங் மேல் வைத்து, கையின் மேலேயே நெற்றியைச் சாய்த்துக்கொண்டார். நீங்கள் போன நாளிலும் அழாதவர். கவிதா அக்கா போகாமல், கார்க் கதவில் கை வைத்தபடி நின்றார். நான் என் பாலைக் குடித்தேன். கொஞ்சம் அடிபிடித்திருந்தது. நீங்கள் காய்ச்சினாலும் அப்படித்தான் இருக்கும்.

அடுத்த மாதம் உங்கள் வருஷத் திதி. அப்பா புதுப் பானை வாங்கி, அடுப்புக்கு மேல் கவிழ்த்து வைத்திருக்கிறார். இந்தப் புதுத் தரையில் பால் எந்தப் பக்கம் பொங்கும் என்று அவருக்குத் தெரியவில்லையாம். அதே கவலையாக இருக்கிறார்.

எனக்கு அப்பா உள்ளறையைத்தான் கொடுத்திருக்கிறார், நீங்கள் திறந்து சாத்திப் பார்த்த கதவோடு. வந்த நாளிலிருந்து நான் அதைச் சாத்தவே இல்லை. உங்களை எழுப்பிவிடக் கூடாது என்பதற்காகக் கேட்ட கதவு அது. இப்போது எழுப்பிவிட யார் இருக்கிறார்கள் என்று அதைத் திறந்தே போட்டிருந்தேன். இன்று அந்தக் கொட்டையைக் கொண்டு வந்து மேசையில் வைத்தேன். தேர்வு நெருங்குகிறது. எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன். நல்ல கதவு, அம்மா. ஒரு சத்தமும் வெளியே போகாது.

ஆனாலும் வரலாற்றுப் புத்தகத்தைத் திறந்தால், நான் குரலைக் குறைத்துத்தான் படிக்கிறேன்.