ஒரே ஆணியில் இரண்டு பேட்ஜ்

குன்னூர்
11 பிப்ரவரி 2025

ஏனுங்க,

ஆய்வகத்திலிருந்து இன்று காலை அறிக்கை வந்தது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வேலையில் குத்திக்கொள்ளும் என் பேட்ஜில் பதிவான கதிர்வீச்சு 11.40 மில்லிசீவெர்ட். மூன்று மாதத்தில் பத்தைத் தாண்டினால் விளக்கம் கேட்பார்கள் என்பது உங்களுக்கே தெரியும். இதற்கு முன் எனக்கு அரையைக்கூடத் தாண்டியதில்லை.

காரணம் தெரியும்வரை எக்ஸ்ரே அறைப் பக்கம் போகக்கூடாதாம். சீட்டு எழுதும் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். கூட வேலை செய்யும் கிருத்திக்கும் அப்படித்தான், அவனுக்கு 11.25. "அக்கா, இனி ஊட்டுல கரண்டு போனாலும் கவலையில்லீங்க, நாமளே எரிவோம்" என்று சிரிக்கிறான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்களோடு இருக்கும் இன்னொருத்தி கெஸியாவுக்கு 0.20 மட்டும்.

போனில் பேசினால் இருவருமே கத்திவிடுகிறோம். அதனால்தான் கடிதம். அறிக்கையின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். நீங்களும் இதே வேலையில் இருப்பவர், பார்த்துவிட்டு ஒரு வார்த்தை எழுதுங்கள். அத்தை சுகம். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
பியாட்ரிஸ்

திருப்பூர்
16 பிப்ரவரி 2025

அன்புள்ள பியாட்ரிஸுக்கு,

நகலைப் பார்த்தேன். ஒரு தரம் இல்லை, எட்டுத் தரம்.

உனக்கு 11.40, அவனுக்கு 11.25. நாம் சேர்ந்து படித்த பாடம்தான்: தூரம் இரண்டு மடங்கானால் அளவு நாலில் ஒன்றாகும். இரண்டடி தள்ளி நின்றிருந்தாலே இந்த எண்கள் விலகிப் போயிருக்கும். விலகவில்லை. மூன்று மாதமும் தோளோடு தோள் நின்றிருக்கிறீர்கள். கெஸியாவுக்கு மட்டும் ஏன் 0.20? அவளை வெளியே அனுப்பிவிட்டீர்களா?

கிருத்திக்குக் கிடைத்த அந்த வேலைக்குப் போன வருடம் நானும் விண்ணப்பித்தேன். கிடைத்திருந்தால் உன் பக்கத்தில் நின்றிருப்பவன் நான். "அக்கா"வெல்லாம் ஒரு கணக்கா? பஸ் கண்டக்டரும்தான் உன்னை அக்கா என்கிறான். கிறிஸ்துமஸுக்கு வந்தபோது டிபன் பாக்ஸில் அவனுக்கும் சேர்த்துத் தோசை வைத்தாய். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

நேரான பதில் வேண்டும். மார்ச் 15, சனிக்கிழமை அங்கே வருவதாக இருந்தேன். வருவதா வேண்டாமா என்பதை உன் பதிலைப் பார்த்து முடிவு செய்கிறேன்.

ஜினோ

குன்னூர்
24 பிப்ரவரி 2025

ஏனுங்க,

காரணம் தெரிந்துவிட்டது. எங்கள் பாதுகாப்பு அதிகாரி மருதாசலம் ஐயா சனிக்கிழமை எழுத்தில் கொடுத்ததை வைத்துச் சொல்கிறேன்.

அக்டோபர் மழையில் அலுவலகச் சுவர் ஊறி, பேட்ஜ் மாட்டும் பலகையில் பூஞ்சை பிடித்தது. பேட்ஜுக்கு ஈரம் ஆகாது. எக்ஸ்ரே அறையில் மெஷினுக்காக ஈரம் உறிஞ்சும் கருவி நாள் முழுக்க ஓடுகிறது. காலை ஷிப்ட் முடிந்ததும் நானும் கிருத்திக்கும் பேட்ஜைக் கழற்றி அங்கே இருந்த ஆணியில் மாட்டிவிட்டுக் கிளம்பினோம். மதிய ஷிப்ட் கெஸியாவுடையது. பேட்ஜைக் கைப்பையிலேயே வைத்திருக்கும் அவள், அதைக் குத்திக்கொண்டு ஈயத் தடுப்புக்குப் பின்னால் நின்று படம் எடுத்தாள். எங்களுடையவை ஆணியில் தொங்கி, வந்த கதிரையெல்லாம் வாங்கிக்கொண்டன. யோசனை என்னுடையது. அப்படியே எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். "ஏனுங்கம்மா, மழைக்கு ஒதுங்குறேன்னு அடுப்புக்குள்ளயா போவீங்க?" என்றார் ஐயா.

உங்கள் கணக்கு சரிதான். மூன்று மாதமும் இரண்டும் ஒட்டிக்கொண்டுதான் இருந்தன. அந்த நேரத்தில் நான் பஸ்ஸில் இருந்தேன். இல்லாவிட்டால் வீட்டில் உங்கள் அம்மாவுக்குக் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தேன். தோசை மூன்று பேருக்கும் வைத்தது. கெஸியா ஒருத்தியே ஐந்து தின்றாள்.

காரணம் தெரியாமல் பத்து நாள் இருந்தேன். அத்தையிடம் சொல்ல முடியாது. இந்த உடம்புக்கு என்ன ஆகுமோ என்று தனியாகப் பயந்தேன். நீங்கள் எட்டுத் தரம் படித்த எண் என் பெயருக்கு நேரே இருந்தது. பக்கத்தில் யார் நின்றார் என்று கேட்டீர்கள். எனக்கு என்ன ஆகுமோ என்று ஒரு தரம்கூடக் கேட்கவில்லை.

நாங்கள் மறுபடி எக்ஸ்ரே அறைக்குப் போகலாமா என்பதில் மேலிடத்தின் முடிவு மார்ச் 12-க்குள் வரும் என்கிறார் ஐயா. அதுவரை சீட்டு மேசைதான். 15-ஆம் தேதி அத்தையைப் பார்க்க வாருங்கள், எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார். அன்று நான் வீட்டில் இருப்பேனா என்பதை 12-க்குப் பிறகு முடிவு செய்து எழுதுகிறேன்.

பியாட்ரிஸ்