இருபத்திரண்டு வேகனையும் கழுவிட்டேங்க

என்னங்க,

எங்க இருந்தாலும் கொஞ்சம் உக்காந்துக்கோங்க. கோவப்படாம கேக்கணும். உங்க பொம்மை கூட்ஸ் வண்டியோட வேகன் இருபத்திரண்டையும் சோப்புத் தண்ணியில போட்டுக் கழுவிட்டேன்.

உங்க வருஷத் திதி முடிஞ்சு வந்த முதல் ஆயுத பூஜை. மிக்ஸி, ஸ்கூட்டர், என் தையல் மெஷின் எல்லாத்துக்கும் பொட்டு வைக்கிறப்ப உங்க சாமானை விட்டுட முடியுமா? அலமாரியைத் திறந்தா ஒவ்வொரு வேகனும் கருப்பும் செம்மண் நிறமுமா கிடக்கு. மனுஷன் போய் ஒரு வருஷம் ஆச்சு, தூசிகூடத் தட்டலையேடி நீன்னு என்னையே திட்டிக்கிட்டேன். பழைய டூத் பிரஷ் எடுத்து மூலை முடுக்கெல்லாம் தேய்ச்சேன். வாளித் தண்ணி டிகாக்‌ஷன் நிறத்துக்கு மாறிச்சு. எனக்கு எவ்ளோ திருப்தி தெரியுமா! பளபளன்னு அடுக்கி, ஒவ்வொண்ணுக்கும் சந்தனம் குங்குமம் வச்சேன்.

சாயங்காலம் கோபி அண்ணா வந்தார். உங்களுக்குப் பிடிச்ச அதே ரயில் பைத்தியம் பிடிச்சவர். ஊருக்குப் போற கூட்டத்துல மாட்டி, பெருங்களத்தூரைத் தாண்டவே ஒரு மணி நேரமாம். பொரித் தட்டைக் கையில வாங்கினவர் அப்படியே நின்னுட்டார்.

“ஏம்மா, என்ன பண்ணின?”

“கழுவினேண்ணா. அப்பப்பா, எவ்ளோ அழுக்கு!”

“அது அழுக்கு இல்லம்மா. அவன் செஞ்ச வேலை.”

அப்புறம்தான் சொன்னார். கடையில வாங்குற வேகன் பொம்மை மாதிரி இருக்குமாம். நெஜமா ஓடித் தேஞ்ச மாதிரி காட்டறதுக்குக் கரித்தூளும் செங்கல் பொடியும் தொட்டுத் தொட்டுப் பூசுவீங்களாம். மேல வார்னிஷ் அடிச்சா நிறம் செத்துப்போகும்னு அடிக்காமலே விட்டீங்களாம். நீங்க பெயின்ட் அடிக்கிறீங்கன்னு தெரியும், அழுக்கை அடிக்கிறீங்கன்னு எனக்கு எப்படிங்க தெரியும்?

“பரவால்ல விடும்மா”ன்னார். பொரியை அப்படியே வச்சுட்டுப் போயிட்டார். நான் பாத்ரூம் கதவைச் சாத்திக்கிட்டு அழுதேன். உங்க மேலயும் ஆத்திரம். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருப்பீங்க. நான் குக்கர் விசில் எண்ணிக்கிட்டு இருந்திருப்பேன். நீங்க இந்த ரயில் வேலையில இறங்கின பதினோரு வருஷமும் உங்க மேஜையில டீயை வச்சதும் திரும்பிடுவேனே தவிர, என்னதான் செய்றீங்கன்னு ஒருநாள் குனிஞ்சு பாத்தேனா?

அடுத்த ஞாயித்துக்கிழமை கோபி அண்ணாவை விடலை, தாம்பரம் ஸ்டேஷனுக்கு இழுத்துட்டுப் போனேன். பிளாட்ஃபாரத்தோட கடைசியில ஒரு கூட்ஸ் நின்னுச்சு. சக்கரத்துக்கு மேல பிரேக் தூசி, பக்கவாட்டுல மழைத்தண்ணி வழிஞ்ச கோடு. கதவுக் கொண்டியில மட்டும் துருவே இல்ல, ஆளுங்க கை பட்டுப் பட்டு மின்னுது. முப்பது வருஷமா அதே ஸ்டேஷன்லதான் வண்டி ஏறினேன், எதுவும் கண்ணுல படலை.

வீட்டுக்கு வந்து, அதே மாதிரி உங்க கையோ தலையோ பட்டுப் பட்டுத் தடம் விழுந்த இடம் எங்கன்னு தேடினேன். சோபாவுக்குப் பின்னாடி நீங்க தலை சாய்க்கிற சுவத்துல எண்ணெய்க் கறை இருக்குமே, ஞாபகம் இருக்கா? காரியம் முடிஞ்ச அடுத்த வாரமே ஆள் வச்சு வெள்ளை அடிச்சுட்டேன். அப்படி என்னங்க அவசரம் எனக்கு?

இப்ப உங்க மேஜையில நான்தான் உக்காந்திருக்கேன். முதல் வேகனுக்குப் பொடியை அள்ளி அப்பிட்டேன். “இவ்ளோ துருப் பிடிச்சா இது தண்டவாளத்துல ஓடாதும்மா, காயலான் கடைக்குத்தான் போகும்”னு கோபி அண்ணா கலாய்ச்சார். எனக்கே சிரிப்பு வந்துடுச்சு. ரெண்டாவது கொஞ்சம் தேவலை. கொண்டியை மட்டும் துணியால துடைச்சு மினுக்கினேன்.

உங்க கை வேலை திரும்பி வராது. அது போச்சு, என்னாலதான் போச்சு. மன்னிச்சுடுங்க. ஒண்ணு சொல்றேன், சத்தியமா. இருபத்தொரு வேகனையும் என் கையாலயே அழுக்காக்குவேன். ஒண்ணை மட்டும் கழுவினபடியே விட்டு, நடுவுல கோத்து ஓட விடுவேன். இது மட்டும் ஏன் புதுசா இருக்குன்னு யாராவது கேட்டா, புருஷன் பக்கத்துல பதினோரு வருஷம் உக்காராதவ கழுவினதுன்னு நானே சொல்லுவேன்.

டீ ஆறிப்போன மேஜையிலிருந்து,
உங்க பொண்டாட்டி
வசந்தா
செம்பாக்கம்