முதல் வண்டியில் யாரும் இல்லை

செப்டம்பர் 8, திங்கள்

இன்று யதிராஜன் மாமாவுக்கு ஊசி குத்தியதே தெரியவில்லையாம். ரத்தம் எடுத்து, பஞ்சு வைத்து, கையை மடக்கியும் விட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "குத்தப் போறியா?" என்று கேட்கிறார்.

ஸ்ரீரங்கத்துப் பெரியவர்கள் லேபுக்கு ரத்தம் கொடுக்க வருவது ஒரு தனிக் கூத்து. ராத்திரியிலிருந்து பட்டினி. பட்டினியைக்கூடப் பொறுத்துக்கொள்வார்கள், காபி இல்லாததைத்தான் தாங்க முடியாது. நான் போய்க் கதவைத் திறப்பதற்குள் வாசலில் ஒருவர் மேல் ஒருவர் எரிந்து விழுந்துகொண்டிருப்பார்கள். ஐந்து நிமிடம் தாமதித்தால் என் மேல் விழுவார்கள்.

இதுவரை தாமதித்ததில்லை. விடியலில் பஜ்ர் தொழுதுவிட்டுக் கிளம்பினால் காட்டூரில் முதல் வண்டி. மாறாமல் ஸ்ரீரங்கத்தில் இறங்கலாம். வண்டியில் முக்கால்வாசி பெண்கள்தான். மெஸ்ஸில் மாவாட்டப் போகும் சுபலட்சுமி, மார்க்கெட்டில் இறங்குகிறவர்கள், ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்கப் போகிறவர்கள். எங்களுக்குக் கட்டணம் கிடையாது. ஆனாலும் மெஷினில் ஒரு இலவச டிக்கெட் அடித்துத் தர வேண்டும் என்பது விதி. எங்கள் கண்டக்டர் ரங்கா அண்ணன் அடிப்பதில்லை. மற்ற வண்டிகளில் அந்தச் சீட்டை நீட்டும்போதே சிலர் முகத்தைச் சுளிப்பார்கள், 'ஓசி' என்று காதில் விழும்படி முனகுவார்கள். இவர், "தெரிஞ்ச முகம்தானே, உள்ள போங்க" என்பார், அவ்வளவுதான். யாரிடமும் கை நீட்டாமல், நம் வீட்டு வண்டியில் ஏறுவது போல ஏறி உட்காரலாம்.

செப்டம்பர் 11

மழை. வண்டி உள்ளேயும் ஒழுகியது. சுபலட்சுமி சீட்டில் உட்கார்ந்தபடியே குடை விரித்துவிட்டாள். பக்கத்தில் நான்.

செப்டம்பர் 17, புதன்

நிறுத்தத்தில் புதுத் தாள் ஒட்டியிருக்கிறது. பஞ்சப்பூரில் பெரிய பஸ் ஸ்டாண்டு வந்ததிலிருந்து எது எங்கே போகிறது என்று கேட்டுக் கேட்டுத்தான் ஏற வேண்டியிருக்கிறது. இப்போது டவுன் பஸ் தடங்களையும் மாற்றுகிறார்களாம். புது வண்டிகள், புது நேரங்கள். நல்லதுதானே என்று படித்துக்கொண்டே வந்தேன். கடைசியில், பயணிகள் வரத்துக் குறைவான நடைகள் அடுத்த மாதம் முதல் நிறுத்தப்படுகின்றன என்று ஒரு வரி. அதன் கீழே எங்கள் வண்டி.

வரத்துக் குறைவா? நேற்று மார்க்கெட் வரைக்கும் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு வந்தேனே, அது யார்?

லேப் வேதவதி மேடத்துடையது. மறைக்காமல் அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிட்டார். "நசீரா, தப்பா நெனச்சுக்காதே. பட்டினியா வரவாளைக் காக்க வைக்க முடியாது. உன்னால நேரத்துக்கு வர முடியலேன்னா நான் உள்ளூர்லயே யாரையாவது பாத்துக்கணும்."

தப்பாக நினைக்கவில்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் இதையேதான் சொல்லியிருப்பேன். அதனால்தான் பயமாக இருக்கிறது.

செப்டம்பர் 19

சவுதியில் தம்மாமிலிருந்து இவர் போன். வண்டி விஷயத்தைச் சொன்னேன். "விட்டுடேன் நசீரா. அப்புறம் நான் எதுக்கு இங்க கெடக்கேன்?" என்றார். அன்பாகத்தான் சொல்கிறார், அது எனக்குத் தெரியும்.

ஆனால் காட்டூரில் நான் கலீல் வீட்டுக்காரி, சம்ரீன் அம்மா. ஸ்ரீரங்கத்தில் மட்டும்தான் நான் நசீரா. "நசீரா வந்துட்டாளா, அவ குத்தினாதான் வலிக்காது" என்று ஆள் கேட்டு வருகிறார்கள். பிள்ளை வளர்ந்த பிறகு படித்து, கை நடுங்கி நடுங்கிப் பழகிய வேலை. இதையெல்லாம் போனில் எப்படிச் சொல்வது? "பாக்கலாங்க" என்று வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 22, திங்கள்

சுபலட்சுமியும் நானும் இன்னும் சில பேருமாக பஸ் அலுவலகத்துக்குப் போனோம். அதிகாரி தன்மையான மனிதர். உட்காரச் சொன்னார். கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். எங்கள் வண்டியில் ஒரு நாள் ஏழு பேர், ஒரு நாள் ஐந்து பேர். எந்த நாளும் பத்தைத் தாண்டவில்லை.

"ஆளே ஏறாத வண்டிய எப்படிம்மா ஓட்டறது? பஞ்சப்பூர் பக்கம் ஜனங்க தொங்கிட்டுப் போறாங்க. அங்க அனுப்பறோம்" என்றார்.

சுபலட்சுமி, "சார், நாங்க இத்தனை பேரும்" என்று ஆரம்பித்தாள். அவள் முழங்கையைப் பிடித்து அழுத்தினேன். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த ஏழு பேர் காசு கொடுத்து டிக்கெட் வாங்கிய ஆண்கள். நாங்கள் டிக்கெட் வாங்கவில்லை. அதனால் நாங்கள் வண்டியில் ஏறவே இல்லை.

ஏறினோம் என்று சொன்னால், டிக்கெட் எங்கே என்பார்கள். அடிக்காத கண்டக்டர் யார் என்பார்கள்.

வெளியே வந்து மரத்தடியில் நின்று சுபலட்சுமிக்கு விளக்கினேன். முதலில் சிரித்தாள், பிறகு திட்டினாள். யாரைத் திட்டுகிறாள் என்று அவளுக்கும் தெரியவில்லை. மரியாதை என்று நினைத்து நாங்கள் அனுபவித்தது எங்களையே இல்லாமல் ஆக்கிவிட்டிருக்கிறது.

செப்டம்பர் 23

வண்டி காவிரிப் பாலம் ஏறும்போது ரங்கா அண்ணனிடம் சொன்னேன். கையிலிருந்த மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஏறுகிறவர்களைக் கதவில் நிறுத்தி ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டிருந்தால் நேரம் போகிறதே என்றும்தான் விட்டேன் என்றார். பிறகு, "நானே போய்ச் சொல்லிடறேம்மா. அடிக்காதது நான்தானே" என்றார்.

"சொன்னா என்ன ஆகும்?"

"சஸ்பெண்டு பண்ணுவாங்க. வேற என்ன?"

பின்சீட்டிலிருந்து சுபலட்சுமி சொன்னாள்: "பேசாம விசில் ஊதுங்கண்ணே. உங்களக் காட்டிக்குடுத்துட்டு எங்களுக்கு வண்டி எதுக்கு?"

யாரும் மறுத்துப் பேசவில்லை. நானும் பேசவில்லை. ஆனால் அதைப் பெரிய மனசு என்று இங்கே எழுதிக்கொள்ள மாட்டேன். 'சரிண்ணே, போய்ச் சொல்லுங்க' என்று என் நாக்கு நுனி வரை வந்தது.

அக்டோபர் 6, திங்கள்

வண்டி இல்லை. தஞ்சாவூர் ரோட்டில் வந்த எதிலோ ஏறி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அங்கே காத்துக் கிடந்து, இன்னொன்றில் தொற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தால் லேப் வாசலில் பெரிய ரகளை. யதிராஜன் மாமா, "இனிமே ரத்தம் எடுத்தா காபிதான் வரும், ஆத்துக்குப் போய்க் குடிச்சுட்டு வந்துட்டேன்" என்று கோபித்துக்கொண்டு திரும்பிப் போனார்.

வேதவதி மேடம் கோட்டு மாட்டிக்கொண்டு தானே ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். அது திட்டியதைவிட மோசம்.

அக்டோபர் 8

இன்றும் தாமதம். வேலைக்கு ஒரு பெண் வந்து விசாரித்துவிட்டுப் போனாளாம்.

அக்டோபர் 13, திங்கள்

யோசனை என்னுடையது. பெருமையாகவே எழுதி வைக்கிறேன்.

அதிகாரியிடம் மறுபடி போனோம். பழைய கதையே பேசவில்லை. "ஒரு மாசம் ஓட்டிப் பாருங்க சார். ஆள் ஏறலன்னா நாங்களே இந்தப் பக்கம் வர மாட்டோம்" என்றேன். அவர் தாடையைத் தடவினார், யாருக்கோ போன் செய்தார். தீபாவளி கழித்துச் சோதனையாக ஓட்டலாம் என்றார். அந்த ஷிப்டு பழகின ஆள் என்று ரங்கா அண்ணனையே போடுவதாகவும் சொன்னார்.

ரங்கா அண்ணன் பெயருக்கு ஒரு கீறல் விழாமல் வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன் என்று சுபலட்சுமி என் கன்னத்தைக் கிள்ளினாள். தீபாவளி வரைக்கும் மட்டும் பொறுத்துக்கொள்ளும்படி வேதவதி மேடத்திடம் கேட்டேன். "பாப்போம்" என்றார். அவர் பாப்போம் என்றால் சரி என்று அர்த்தம்.

அக்டோபர் 23, வியாழன்

டிக்கெட்டுக்கு இப்படி ஒரு அடிதடியை நான் பார்த்ததில்லை. "அண்ணே, எனக்கு இன்னும் அடிக்கல." "அண்ணே, இவளுக்கு ரெண்டு குடுத்துட்டீங்க, ஒண்ணு என்னுது." ரங்கா அண்ணனுக்கு வேர்த்துக் கொட்டியது. புது மெஷின் வேறு, எந்தப் பொத்தானில் என்ன இருக்கிறது என்று தடுமாறினார். வண்டி அரியமங்கலத்தில் கொஞ்ச நேரம் நின்றே போனது, அவர் அடித்து முடிக்கட்டும் என்று. யாரும் முணுமுணுக்கவில்லை.

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். அல்ஹம்துலில்லாஹ்.

நவம்பர் 3, திங்கள்

சுபலட்சுமி அவள் தெருவில் வீடு வீடாகச் சொல்லி வைத்திருக்கிறாள். வேலை இல்லாதவர்கள்கூட ஏறுகிறார்கள். ரங்கநாதர் கோயிலுக்குப் போகிறோம் என்று நாலு பேர், சும்மா பார்த்துவிட்டு வருகிறோம் என்று இரண்டு பேர். இன்று எனக்கு நிற்கத்தான் இடம்.

யதிராஜன் மாமா திரும்பி வந்துவிட்டார். காபி குடிக்காமல்.

நவம்பர் 19, புதன்

வண்டி நிரந்தரமாகிவிட்டது. புது வண்டியும் தருகிறார்களாம். அதிகாரியே போன் பண்ணினார். இவருக்குச் சொல்ல வேண்டும், சுபலட்சுமிக்குச் சொல்ல வேண்டும், யாருக்கு முதலில் என்று தெரியாமல் வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

நவம்பர் 20

ரங்கா அண்ணன் இல்லை. வேறு கண்டக்டர். ஏன் என்று கேட்டதற்கு, "அவர சஸ்பெண்டு பண்ணிட்டாங்க, தெரியாதா?" என்கிறார்.

அதே நேரம், அதே வண்டி, அதே கண்டக்டர். அப்போது ஏழு பேர், இப்போது வண்டி கொள்ளாத கூட்டம். பழைய ஏழு எப்படி வந்தது என்று கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்கள். அவர் மென்று விழுங்கவில்லை, உள்ளதைச் சொல்லிவிட்டார்.

அறிவு கெட்டவளே, இது ஏன் உனக்குத் தோணல? யோசனை என்னுதுன்னு பீத்திக்கிட்டியே. ஊரையே கூட்டிட்டு வந்து ஏத்தினியே, ஒவ்வொரு டிக்கெட்டும் அவரு தலையிலதான் எறங்குதுன்னு ஏன் தெரியல? கணக்கு காட்டணும் கணக்கு காட்டணும்னு குதிச்சியே. காட்டிட்ட. போ.

சோறு இறங்கவில்லை. சம்ரீன் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நவம்பர் 24, திங்கள்

லேப் முடிந்து நேராக அதிகாரியிடம் போனேன். தனியாகத்தான். "அவரு ஒரு பைசா எடுக்கல சார்" என்றேன்.

"தெரியும்மா. அதனாலதான் சஸ்பென்ஷனோட நிக்குது. எடுத்திருந்தா வேலையே போயிருக்கும். கண்ணுல பட்டுட்டத படலன்னு நான் எப்படி எழுதறது?" என்றார். குரலில் கடுமை இல்லை. கடுமையாக இருந்தால் சண்டை போட்டிருப்பேன். இவரிடம் என்ன சண்டை போடுவது?

இரவு போனில் இவரிடம் அழுதுவிட்டேன். அந்த வண்டியில் ஏறவே கால் கூசுகிறது, விட்டுவிடட்டுமா என்றேன். விட்டுவிடு என்பார் என்றுதான் நினைத்தேன். நடந்ததை முதலிலிருந்து மறுபடி சொல்லச் சொன்னார். பிறகு, "அந்த மனுசன் சோத்துல மண்ணு விழுந்து வந்த வண்டி. நீ ஏறாம இருந்தா அவருக்கு என்ன மிச்சம்? போ நசீரா" என்றார்.

டிசம்பர் 8, திங்கள்

புது வண்டி வந்து ஒரு வாரமாகிறது. படி தாழ்வாக இருக்கிறது, முட்டி வலிக்காமல் ஏற முடிகிறது, மழைக்கு ஒழுகவில்லை. புதுக் கண்டக்டர் ஒருவரையும் விடாமல் அடித்துக் கொடுக்கிறார், யார் முகத்தையும் பார்ப்பதில்லை. நாங்களும் வாங்கி வைத்துக்கொள்கிறோம்.

இன்று லேப் வாசலில் பெரியவர்கள் வரிசைக் கடைசியில் ரங்கா அண்ணன் நின்றுகொண்டிருந்தார். காக்கி இல்லாமல் வெள்ளைச் சட்டையில் முதலில் அடையாளமே தெரியவில்லை.

"சுகர் பாக்கணும்மா. சாப்பிடாமத்தான் வந்திருக்கேன்" என்றார். சஸ்பென்ஷனை எடுத்துவிட்டார்களாம். ஆனால் இனி டவுனில் கிடையாது, மாற்றல். அடுத்த வாரம் முதல் மருங்காபுரிப் பக்கம் ஓடும் வண்டியில் ஏற வேண்டும். விடியற்காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினால் ராத்திரிதான் திரும்ப முடியும். அதற்கு முன்னால் உடம்பை ஒரு தடவை பார்த்துக்கொள்ளச் சொல்லி வீட்டில் அனுப்பியிருக்கிறார்கள்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவரே பேச ஆரம்பித்துவிட்டார். "நம்ம வண்டியிலதான் வந்தேன். அரியமங்கலத்துல ஏறினேன், உக்கார எடமே இல்ல. ஸ்ரீரங்கம் வரைக்கும் நின்னுகிட்டே வரேன்." சொல்லும்போது முகத்தில் அவ்வளவு சந்தோஷம். நான் முன்னால் இருந்தேன், கூட்டத்தில் அவரைப் பார்க்கவே இல்லை.

நாடா கட்டி நரம்பைத் தேடினேன். யாருக்கும் வலிக்காத கை என்று பெயர் எடுத்தவள், இன்று நாடாவை இரண்டு தடவை அவிழ்த்து மறுபடி கட்டினேன். "மெதுவா குத்துங்கம்மா, எனக்கு எந்த டியூட்டியும் இல்ல" என்று சிரித்தார்.

ரத்தம் எடுத்து முடித்து, பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். சாயங்காலம் ரிப்போர்ட்டை வீட்டுக்கே அனுப்பி வைக்கிறேன், நீங்கள் கிளம்புங்கள், பில் எல்லாம் வேண்டாம் என்றேன். என்னிடமிருந்து அவருக்குக் கொடுக்க வேறு என்ன இருக்கிறது?

அவர் எழுந்திருக்கவில்லை.

"பில்லு போடுங்கம்மா" என்றார். "போடலன்னா நான் இங்க வரவே இல்லன்னு ஆயிடும்."

பெயர் கேட்டேன், வயது கேட்டேன், எல்லாவற்றையும் ஒழுங்காக அடித்தேன். காசைக் கொடுத்து, தாளை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வரிசையில் நின்றவர்களுக்கு வழி விட்டு இறங்கிப் போனார்.