தேசம்மாவுக்கு அட்டை இல்லை

சண்டை போட்டே எனக்குச் சொந்தமான தேசம்மாவுக்கு,

நேற்று வியாழக்கிழமை. நெசவாளர் தெரு பால்வாடியில் குழந்தைகளுக்கு எடை பார்க்கும் நாள். நீ போன பிறகு வந்த முதல் எடை நாள். திருத்தணியில் ஆடிக் கிருத்திகைக் கூட்டம் இன்னும் கலையவில்லை. காவடிக்காரர்களோடு இடித்துப் பிடித்து பஸ் ஏறும்போதே, நீ இல்லாமல் யார் வரப்போகிறார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன். வந்தார்கள் தேசம்மா, எல்லாரும் வந்தார்கள்.

நம் முதல் சண்டை ஞாபகமிருக்கிறதா? நான் அந்தத் தெருவுக்குப் புது நர்ஸ். தாய்மார்களை உற்சாகப்படுத்துகிறேன் பேர்வழி என்று, அதிக எடையுள்ள குழந்தைக்குப் பரிசு என்றேன். பிளாஸ்டிக் சோப்பு டப்பா உன் மகன் சேகருக்குக் கிடைத்தது. எடையை உரக்கச் சொல்லி எல்லாரையும் கைதட்ட வேறு வைத்தேன். மறுநாளே பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு. நடுத்தெருவில் என்னை மறித்தாய்.

"புள்ளைய இன்னா கறிக்கடையிலயா நிறுக்கிற? ஊரு கண்ணெல்லாம் எம்புள்ள மேல கொட்டிட்டியே நர்சம்மா! இனிமே எவ வர்றான்னு நானும் பாக்கறேன்!"

அடுத்த மாதம் ஒருத்தியும் வரவில்லை. தராசு சும்மா தொங்கியது. குப்பம்மாவின் பெண் குழந்தை எடை ஏறாமல் குச்சியாகக் கிடந்தது. அதற்குச் சத்துமாவு விடாமல் போக வேண்டும். அந்தக் குழந்தைக்காகத்தான் மானத்தை விட்டு உன் வாசலில் வந்து நின்றேன். தப்புப் பண்ணிவிட்டேன் என்றேன். நீ ராட்டையைக்கூட நிறுத்தவில்லை.

"எடைய பெத்தவ காதுல மட்டும் சொல்லு. ஆனா கூப்ட்டா மட்டும் வந்துடுவாளுங்களா? புருஷன் தறியில குந்திகினு கீறான். தறிக்கு நூலைத் தார்ல சுத்தித் தர்றவ எழுந்தா அவன் கை நிக்கும், மாமியா வாய் கிளம்பும்."

படித்த எனக்கு இது தோன்றவே இல்லை. நான் வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தேன். நீ வீடு வீடாகப் போய், "நீ புள்ளைய தூக்கினு போ, நான் சுத்தறேன்" என்று ஒவ்வொருத்தியின் ராட்டைக்கு முன்னாலும் உட்கார்ந்தாய். அவள் திரும்பியதும் அடுத்த வீடு. குப்பம்மாவின் மாமியாரிடம் தெலுங்கில் என்னவோ சொல்லிச் சிரிக்க வைத்தாயே, என்ன அது? கடைசிவரை சொல்லவில்லையே, கள்ளி. அந்தக் குழந்தை பிழைத்து இப்போது ஆறாவது படிக்கிறாள். வாய் உன் வாய்தான்.

ஒரு தடவை பெரிய டாக்டர் வந்து, எப்படி இத்தனை பேர் விடாமல் வருகிறார்கள் என்று கேட்டார். நான் உன்னைக் காட்டினேன். நீ வெட்கப்பட்டுத் தூணுக்குப் பின்னால் ஒளிந்தாய். எல்லாரும் சிரித்தோம். அப்போதே உன் முகம் வெளுத்திருந்ததோ என்னவோ, யார் பார்த்தது?

மூச்சு வாங்குகிறதே என்றால், "காலைலருந்து சுத்திகினே கீறேன்ல" என்பாய். கால் ஏன் வீங்கியிருக்கிறது என்று ஒருமுறை கேட்டேன். "மொதல்ல இவளப் பாரு, வூட்டுக்காரன் கத்துவான்" என்று ஒருத்தியை முன்னால் தள்ளினாய். நானும் அவளைப் பார்த்தேன்.

ரத்தம் ஊறுகிற மாத்திரை என் பையிலேயே இருந்தது தேசம்மா. கர்ப்பிணிகளுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் எண்ணி எண்ணிக் கொடுத்தேன். சேகர் வளர்ந்துவிட்டான். உனக்குக் கைக்குழந்தை இல்லை, அதனால் உன் பேரில் தாய்சேய் அட்டை இல்லை. அட்டை இல்லாததால் உன்னைக் கூப்பிட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கடைசியில் உன்னை அரக்கோணம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது, டாக்டர் உன் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "உடம்புல ரத்தமே இல்லையேம்மா, இத்தனை நாள் யாரும் பார்க்கலையா?" என்றார். உன் வீட்டுக்காரர் சொன்னார், "நர்சம்மா கூடவேதான் இருந்தாங்க சார்." என்னைக் குத்திக்காட்ட அவர் சொல்லவில்லை. எனக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னார். நான் அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது?

என் மேல் உனக்குக் கோபமா? கோபமென்றால் பழையபடி நடுத்தெருவில் நிறுத்தித் திட்டியிருப்பாய். திட்டுவதற்கு நீ இல்லாததுதான் தாங்க முடியவில்லை.

நேற்று எல்லாரையும் அனுப்பிவைத்தது யார் தெரியுமா? குப்பம்மா. மதியம்வரை ஒவ்வொரு வீட்டு ராட்டையாகச் சுற்றிவிட்டு வந்து நின்றாள். "எல்லாரும் வந்துட்டாங்கக்கா" என்றாள்.

"ஆங், நீ குந்து" என்றேன்.

"எனக்கு இன்னாக்கா? நல்லாத்தான் கீறேன். இன்னும் ரெண்டு பேர் நிக்கிறாங்க, அவங்களப் பாரு."

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. கையைப் பிடித்து ஸ்டூலில் உட்கார வைத்து, அவள் இமையை இழுத்துப் பார்த்தேன். வெளுப்புத்தான். மாத்திரையை என் கண் முன்னாலேயே விழுங்க வைத்தேன். காத்திருந்த இரண்டு பேரும் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும்.

தேசம்மா, இனி அந்தத் தெருவில் மற்றவர்களைக் கூப்பிட்டு வருகிறவளைப் பார்த்த பிறகுதான் முதல் குழந்தையைத் தராசில் வைப்பேன். இது உனக்குக் கொடுக்கிற வாக்கு. நீ உயிரோடிருந்தபோதே கொடுத்திருக்க வேண்டியது.

உன்னைத் தவிர எல்லாரையும் பார்த்த,
உன் கூடப் பிறக்காத அக்கா