மில்காரர் கட்டில்

அன்பு மகனுக்கு, அம்மா எழுதுவது. அப்பாவின் முழங்கால் வலியைத் தவிர இங்கே எல்லோரும் சௌக்கியம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாயிருப்பாய் என்று நம்புகிறேன். உன் தங்கையைப் பார்த்துவிட்டுப் போனவர்களிடமிருந்து பதிலே இல்லை, வராவிட்டால் நஷ்டம் அவர்களுக்குத்தான். சமையலறையில் ஒழுகிக்கொண்டிருந்த ஓடுகளை மாற்றியாயிற்று. நல்ல சேதி இதோடு முடிந்தது. இனி எழுதுவதை ஓரிடத்தில் உட்கார்ந்து படி, உன் மேல் எனக்கு வந்திருக்கும் கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

பத்திரிகையில் நம் ஆஸ்பத்திரிப் படத்தைப் பார்த்தாயாம். மில்காரர் தானம் கொடுத்த கட்டில் ஓர் ஏழைப் பெண்ணின் உயிரைக் காப்பாற்றியதாம். அங்கே இருக்கும் நம் ஊர்க்காரர்கள் கூடி அவருக்குப் பாராட்டுக் கூட்டம் போடுகிறீர்களாம், வரவேற்புரை வாசிப்பது நீயாம். உனக்கும் பெருமைதானே அம்மா என்று வேறு கேட்டிருக்கிறாய். படித்ததும் உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. அப்பா எட்டிப் பார்த்து, "பிள்ளைக்கு அங்க ஆயிரம் வேலை, இதையெல்லாம் எழுதி அவன் மனசைக் கெடுக்காத" என்றார். கெடட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நம் ஆஸ்பத்திரிக்கு வருஷச் செலவில் பாதியை ஊர் போட்டால்தான் மீதிப் பாதியை வெள்ளைக்காரத் துரைத்தனம் போடும். ஊர் என்றால் யார், மில்காரர்தான். மருந்து வாங்கக் கேட்டால் கையை விரிப்பார், பஞ்சுக்குக் கேட்டால் போன வருஷம் வாங்கியது என்ன ஆயிற்று என்று விசாரணை நடத்துவார், ஆனால் தலைமாட்டில் தன் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டு ஓர் இரும்புக் கட்டில் மட்டும் கொடுத்தார். அதில் நோயாளி யாரும் படுக்கக் கூடாது! அதிகாரிகள் வந்தால் காட்டுவதற்காம். மற்றதெல்லாம் சுவரில் பதித்த பலகைகள், அவற்றிலும் அப்போது காய்ச்சல்காரர்கள். அந்த நேரத்தில்தான் கல் உடைக்கும் பெண் ஒருத்தியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். குழந்தை பிறந்துவிட்டது, உதிரம் நிற்கவில்லை. கால்மாட்டை உயர்த்தினால்தான் பிழைப்பாள், சுவரில் பதித்த பலகையை எப்படி உயர்த்துவது? அன்று ராத்திரி முறைக்கு மருத்துவச்சி நான் ஒருத்திதான், யாரையும் கேட்கவில்லை. அந்த இரும்புக் கட்டிலில் அவளைப் போட்டு, கால்மாட்டுக்குக் கீழே செங்கல்லை அடுக்கி, வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். விடிவதற்குள் உதிரம் நின்றது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "பிள்ளை என்னம்மா?" என்று கேட்டாள். பெண் என்றதும் சிரித்தாள்.

மறுநாள் ஜில்லாவின் பெரிய டாக்டர், வெள்ளைக்காரத் துரை, பார்வையிட வருவதாக இருந்தது. அவருக்கு முன்னால் ஓடி வந்த மில்காரர், "என் பேர் போட்ட கட்டில்ல இவளையா கிடத்துவீங்க? மெத்தையெல்லாம் பாழு!" என்று என்னைப் பிடித்துக் கத்தினார். நான் வாயைத் திறப்பதற்குள் துரை உள்ளே வந்துவிட்டார். செங்கல்லைக் குனிந்து பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், அருமையான காரியம், யாருடைய கட்டில் என்று கேட்டார். அவ்வளவுதான், மில்காரருக்கு முப்பத்திரண்டு பல்லும் வெளியே வந்தது, தாமே சொல்லி அவளை அதில் படுக்கவைத்ததாக அளந்தார். படம் பிடித்தார்கள். நீ பார்த்த படம் அதுதான், ஓரத்தில் அவள் தோளைப் பிடித்தபடி ஒரு கை தெரியுமே, அது உன் அம்மாவுடையது.

சாயங்காலமே மில்காரர் சொல்லி அனுப்பினார். கலெக்டர் வீட்டம்மா பார்க்க வருகிறாராம், மெத்தையை மாற்றிக் கட்டிலைக் காலி செய்து பளபளவென்று வைக்க வேண்டுமாம். அசையக் கூடாத உடம்பு அது. நான் கத்தினேன், கெஞ்சினேன். நம் டாக்டர் நல்லவர்தான், ஆனால் முதுகெலும்பு கிடையாது. "அவர் பணத்த நிறுத்திட்டா மருந்துக்கே வழியில்லம்மா, நான் என்ன பண்ணட்டும்?" என்று தலையைக் குனிந்துகொண்டார். காய்ச்சல்காரர்கள் நடுவில் தரையில் போட முடியாது, வீட்டுக்கு அனுப்பு என்றார். மாட்டு வண்டியில் நானும் ஏறினேன். கல் பாதையில் வண்டி குலுங்கிய குலுக்கலில் மறுபடியும் ஆரம்பித்துவிட்டது. அங்கே கட்டில் ஏது, செங்கல் ஏது, அவள் இரண்டு கால்களையும் என் தோளில் தூக்கி வைத்துக்கொண்டேன். அவள் குடிசை கண்ணுக்குத் தெரியும்போது கால்கள் கனத்துவிட்டன. பத்திரிகையில் படம் வந்தபோது அவள் மண்ணுக்குள் இருந்தாள். குழந்தைக்குப் பக்கத்துக் குடிசைக்காரி பால் கொடுக்கிறாள், அது பிழைத்துக்கொள்ளும்.

இப்போது சொல், எனக்குப் பெருமையா? அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆட ஊரில் ஆளா இல்லை, நான் பெற்றவன்தான் கிடைத்தானா? வயிறு எரிகிறது எனக்கு.

வாசிக்காதே என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத மனம் மாறிவிட்டது. நீயே வாசி. கட்டில் கொடுத்ததை வாசி, துரை பாராட்டியதை வாசி, பிறகு அவளை வண்டியில் ஏற்றி அனுப்பியதையும் அதே குரலில், அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே வாசி. அம்மாவின் வேலை போய்விடுமே என்று அந்த இடத்தில் முழுங்காதே. போனால் போகட்டும், பிள்ளை பெறுகிறவர்கள் என் வீடு தேடி வருவார்கள்.

ஈரத் தலையோடு வெளியே போகாதே, உனக்குச் சளி பிடிக்கும். நீண்ட ஆயுளோடு நன்றாயிரு. கூட்டம் முடிந்ததும் ஒரு வரி எழுதிப் போடு, வாசித்தேன் அல்லது வாசிக்கவில்லை என்று. இரண்டில் எதுவானாலும் நான் உன்,

அம்மா