பதினோரு விநாடி

உன் ஹார்ட் டிஸ்க்கில் அந்துருண்டை வாசனை அடிக்கிறது. பீரோவில் உன் ஸ்வெட்டர்களுக்கு நடுவே, ஒரு பிஸ்கட் டின்னில் இருந்ததாம். போன வாரம் உன் அக்கா ஸ்டெல்லா போன் செய்தார்கள். "தம்பி, அவன் பீரோவ இப்பத்தான் காலி பண்றேன். ஒரு சாமான்ல உங்க பேர் எழுதி ஒட்டியிருக்கு. வந்து எடுத்துக்கோங்க. யார்கிட்டயாவது குடுத்தனுப்ப எனக்கு மனசில்ல." காக்ஸ் டவுனில் உங்கள் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்று வாங்கிக்கொண்டேன். உள்ளே வரச் சொன்னார்கள். வண்டி வழியில் நிற்கிறது என்றேன். வண்டி ஓரமாகத்தான் நின்றிருந்தது.

டிஸ்க்கின் மேல் வெள்ளை டேப். என் பெயர். அதற்குக் கீழே 'ஞாயிறு' என்று உன் கோணல் எழுத்து.

நீ போய் ஒன்றரை வருடம் ஆகிறது. உன் அடக்கத்துக்கு நான் வரவில்லை. நமக்குப் பிடித்த தொடருக்கு நீ ஆரம்பித்த வாட்ஸப் ரசிகர் குழுவில் யாரோ உன் படத்தைப் போட்டு, கீழே கைகூப்பும் பொம்மை வைத்திருந்தார்கள். மெட்ரோவில் பீன்யாவுக்கு வேலைக்குப் போகும் வழியில் பார்த்தேன். அன்று கம்பெனியில் ஆடிட் என்று பிறகு அக்காவிடம் சொன்னேன். ஆடிட் ஒன்றும் இல்லை. மதியம் கேன்டீனில் வழக்கம்போல் பிஸிபேளா பாத் சாப்பிட்டேன். அழுகை வரவில்லை. இப்போதும் வரவில்லை. ஏதோ பொங்கி வந்து இதை எழுதுகிறேன் என்று நினைக்காதே. ஒரு தகவல் சொல்ல வேண்டியிருக்கிறது. அது எனக்கு முன்பே உனக்குத் தெரியும் என்பதுதான் தொல்லை.

நாம் பழகியது பீன்யாவில், அந்த வால்வு கம்பெனியில். நான் தரக்கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து அளப்பவன். நீ மெஷின் ஷாப்பில் புரோகிராம் எழுதுபவன். ஒருநாள் நீ அனுப்பிய ஜாப் கார்டின் பின்பக்கம், பென்சிலில் ஒரு படம் இருந்தது. நிலத்துக்கு அடியில் ஆட்களை இறக்கும் இரும்புக் கூண்டு. கதவில் ஒன்பது என்ற எண்.

"இது 'ஆழம் ஒன்பது' கூண்டுதானே?" என்றேன்.

நீ மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாய். "டேய், இத நீ பாத்துருக்கியா? பெங்களூர்லயே நா ஒருத்தன்தான் லூசுன்னு நெனச்சிட்டிருந்தேன்."

இன்று குழுவில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான் கதையை இப்படித்தான் சொல்கிறேன். வேறொரு கிரகத்தின் நிலவில் ஒரு சுரங்கம். ஒன்பதாவது மட்டத்தில் வாயு கசிகிறது. மேலே கூண்டை இயக்குபவள் ரென்கா. கீழே பன்னிரண்டு பேர். வாயு மேலே வந்தால் குடியிருப்பு முழுக்கச் சாகும். இருபத்து நான்காவது, கடைசி எபிசோடில், ரென்கா சுரங்க வாயை மூடுகிறாள். மூடுவதற்கு முன்னால் கையை லிவரில் வைத்தபடி பதினோரு விநாடி காத்திருக்கிறாள். அவ்வளவுதான். பெரிய புகழ் பெறாத ஜப்பானியப் பொம்மைப்படத் தொடர். ஜப்பானிலேயே எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்களோ.

நமக்கு அந்தப் பதினோரு விநாடிதான் சண்டை. கீழிருந்து மூன்று தட்டல் வருகிறது, இரண்டு முறை. மூன்று தட்டல் என்றால் ஆள் ஏறியாயிற்று, தூக்கு என்று அர்த்தம். அவள் கேட்டாள். கேட்டும் மூடினாள். ஆகவே கொலைகாரி. இது என் கட்சி. அங்கே ஒரு சத்தமும் இல்லை, முடிந்தவரை காத்திருந்தாள், பதில் வரவில்லை, மூடினாள். இது உன் கட்சி.

"சத்தம் அவ மனசுக்குள்ளன்னு வேணா சொல்லிக்கோ. நெஜத்துல இல்ல" என்பாய்.

"காது இருக்கிறவனுக்கு இருக்கு" என்பேன்.

இருபது வருடம் இப்படியே போயிற்று. நீ உருவகமாகப் பேசுகிறாய் என்று நான் நினைத்தேன். நான் உருவகமாகப் பேசுகிறேன் என்று நீ நினைத்தாய். நீ ஆட்களைச் சேர்க்கச் சேர்க்கக் குழுவும் இரண்டாகப் பிரிந்தது. கேட்டது என்பவர்கள், கேட்கவில்லை என்பவர்கள். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் பிள்ளைகள், நம் வயதில் பாதி, தமிழும் கன்னடமும் கலந்து அடித்துக்கொண்டார்கள். நம்மை அங்கிள் என்று கூப்பிட்டார்கள். உனக்கு அது பிடித்திருந்தது.

நீ ஏன் அவள் பக்கம் நின்றாய் என்பது எனக்குத் தெரியும். கோலார் தங்கவயலில் உன் அப்பா கூண்டு இயக்கியவர். கீழே போன ஆட்களின் உயிர் அவர் கையில் என்று நீ பெருமையாகச் சொல்வாய். "கீழருந்து மணி வந்தா தூக்கியே ஆவணும். மணி வரலன்னா கை வைக்கக் கூடாது. எங்கப்பா வாழ்க்க முழுக்க இந்த ரெண்டுதான்." உனக்கு ரென்கா ஒரு பொம்மைப்படத்துப் பெண்ணே இல்லை. அதைத் தெரிந்துகொண்டேதான் நான் உன்னோடு வாதாடினேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ சர்ச்சிலிருந்து வந்ததும் உன் அறையில் உட்காருவோம். அக்கா கறி வறுத்துத் தட்டில் வைத்துவிட்டு, "இன்னும் அந்தக் குழிக்குள்ளயேதான் இருக்கீங்களா ரெண்டு பேரும்?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். என் சித்தப்பா மகன் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்த டிவிடி பெட்டி என்னிடம் இருந்தது. நீ அதைப் போட விடமாட்டாய். "உன்னுது புதுசு, கீறல் வுழும், வை" என்று சொல்லி, மார்க்கெட்டில் வாங்கிய உன் பழைய சிடிக்களையே போடுவாய். யாரோ ஜப்பானில் டிவியிலிருந்து பதிவு செய்தது. திரை ஓரத்தில் நேரம் ஓடிக்கொண்டிருக்கும்.

இருபத்து மூன்று எபிசோடுகளை எத்தனையோ முறை சேர்ந்து பார்த்தோம். கடைசியை மட்டும் இல்லை. அது நீ வைத்த சட்டம். "கடைசி எபிசோடத் தனியாத்தான் பாக்கணும். பக்கத்துல ஆள் இருந்தா அவன் மூஞ்சியப் பாத்துட்டிருப்போம்." எனக்கும் அது சரியென்று பட்டது. குழுவிலும் அதையே வழக்கமாக்கினாய். இருபத்து மூன்று முடிந்ததும் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவோம். அவரவர் வீட்டில், அவரவர் பிரதியில், அவரவர் கடைசியைப் பார்த்துக்கொண்டோம்.

நான்கு வருடத்துக்கு முன் குழு ஒரு கூட்டம் போட்டது. உங்கள் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளி அரங்கம். அறுபது எழுபது பேர் இருப்பார்கள். மேடையில் நீயும் நானும். ரென்கா குற்றவாளியா என்று தலைப்பு. நான் தயாரித்துக்கொண்டு போயிருந்தேன். அவள் முகம் எந்த விநாடியில் எப்படி மாறுகிறது என்று நாற்பது பக்கம். வேலையில் எனக்கு வரவேண்டிய மேனேஜர் பதவியை இன்னொருவனுக்குக் கொடுத்த வருடம் அது. நன்றாகச் செய்ய வேண்டும் என்று இருந்த ஒரே விஷயம் அந்த மேடைதான். ஏழாவது பக்கத்தில் நீ மைக்கை வாங்கினாய்.

"மச்சா, ஒரு நிமிஷம். பிள்ளைங்களா, இவரோட காதப் பத்தி உங்களுக்குச் சொல்லணும். ஒருத்தன் இவர் அளக்கற வெர்னியர் ஸ்கேலக் கேக்காம எடுத்துட்டுப் போனான். பதினோரு வருஷம் ஆச்சு. இன்னும் அவனுக்கு குட்மார்னிங் சொல்றதில்ல. அவன் நடந்து வந்தாலே இவருக்கு வெர்னியர் சத்தம் கேக்குது. அப்பேர்ப்பட்ட காது. தட்டுற சத்தம் கேக்காம இருக்குமா?"

அரங்கம் சிரித்தது. முன்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். நீயும் சிரித்தாய். என் தோளில் கை போட்டாய். நான் கையை எடுத்துவிட்டு இறங்கினேன்.

நீ கேட் வரைக்கும் பின்னால் ஓடி வந்தாய். "இன்னாடா, சும்மா தமாசுக்குச் சொன்னேன். அதுக்குப் போயி பேஜார் பண்ணிக்கிறியே."

அப்போது நான் சொன்னதை நான்கு வருடமாக யாரிடமும் சொல்லவில்லை. எல்லோரிடமும் வெர்னியர் கதையை மட்டும் சொன்னேன். நீ என்னை எழுபது பேர் முன்னால் அவமானப்படுத்தினாய் என்று. நான் சொன்னதை இங்கே எழுதுகிறேன். "நீ அவளுக்கு ஏன் பேசுறேன்னு தெரியும். உங்கப்பா எத்தன மணியக் கேக்காத மாதிரி உக்காந்திருந்தாரோ."

கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். ஆட்டோக்காரன் ஒருவன், "சார், பர்த்தீரா? வர்றீங்களா?" என்று என்னைக் கேட்டான். ஏறிப் போய்விட்டேன்.

நீ முந்தைய வருடமே வேறு கம்பெனிக்குப் போயிருந்ததால் நாம் வேலையிலும் பார்த்துக்கொள்ளவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை உன்னிடமிருந்து செய்தி வந்தது. "நாளைக்கு வீட்டுக்கு வாடா. கடைசி எபிசோட சேந்து பாக்கலாம்." கிண்டல் செய்கிறாய் என்று நினைத்தேன். உன் சட்டத்தை நீயே மீறிக் கூப்பிடுகிறாய் என்றால் அது வேறென்னவாக இருக்கும்? பதில் போடவில்லை. அடுத்த சனிக்கிழமை, "நாளைக்கு?" அதற்கடுத்த சனிக்கிழமை, "வர்றியா?" மூன்றையும் படித்தேன். படித்தேன் என்பதைக் காட்டும் நீல நிறம் உனக்குத் தெரிய வேண்டும் என்றே திறந்து படித்தேன். அதற்குப் பிறகு நீ அனுப்பவில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை காலை, காபி குடித்துவிட்டு உன் டிஸ்க்கை லேப்டாப்பில் போட்டேன். உள்ளே இரண்டே இரண்டு ஃபைல்கள். இரண்டும் இருபத்து நான்காவது எபிசோடு. ஒன்றுக்கு 'என்னுது' என்று பெயர் வைத்திருந்தாய். இன்னொன்றுக்கு 'அவனுது'.

'என்னுது' திறந்தேன். திரை ஓரத்தில் நேரம் ஓடும் உன் பழைய பதிவு. ரென்கா லிவரில் கை வைக்கிறாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். சத்தமே இல்லை. இயர்போனைக் கழற்றி மாட்டினேன். ஒலியைக் கூட்டினேன். அவள் மூச்சு கேட்டது. காற்று கேட்டது. தட்டல் இல்லை. பதினோராவது விநாடியில் மூடினாள். அந்தப் பிரதியில் அவள் குற்றவாளி இல்லை.

'அவனுது' திறந்தேன். என் பெட்டியில் இருக்கும் அதே டிவிடி பதிப்பு. எங்கேயோ தேடிப் பிடித்திருக்கிறாய். அதே முகம், அதே லிவர், அதே பதினோரு விநாடி. மூன்று தட்டல். ஒரு இடைவெளி. மீண்டும் மூன்று. டிவியில் ஒளிபரப்பான பிறகு, டிவிடி போடும்போது படம் எடுத்தவர்கள் தட்டலைச் சேர்த்திருக்கிறார்கள். அவ்வளவுதான் விஷயம். நான் சிங்கப்பூர் டிவிடியைக் கேட்டேன். நீ மார்க்கெட் சிடியைக் கேட்டாய். குழுவில் உன்னிடம் பிரதி வாங்கியவர்கள் உன் கட்சி, மற்றவர்கள் என் கட்சி.

கம்பெனியில் இரண்டு பேர் அளந்த அளவு ஒத்துப்போகாவிட்டால், நீ என் அறைக்குள் தலையை நீட்டிச் சொல்வது ஒரே வாக்கியம். "சண்ட போடாதீங்கப்பா, மொதல்ல ரெண்டு பேர் கையிலயும் ஒரே டிராயிங்கான்னு பாருங்க." பழைய டிராயிங்கும் திருத்திய டிராயிங்கும் கலந்துவிட்டால் இருவர் அளவும் சரியாகவே இருக்கும், பொருத்தினால் பொருந்தாது. இருபது வருடம் அதைப் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

'அவனுது' ஃபைல் உன் டிஸ்க்கில் ஏறிய தேதியைப் பார்த்தேன். உன் முதல் செய்திக்கு முந்தைய வியாழக்கிழமை.

நான் உன் அப்பாவைப் பற்றிச் சொன்ன பிறகும் நீ போய்த் தேடியிருக்கிறாய். கேட்டு, தட்டல் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, அதை என்னிடம் சொல்லக் கூப்பிட்டிருக்கிறாய். செய்தியிலேயே எழுதியிருக்கலாம், ஒரு வரியில் முடிந்திருக்கும். நீ அப்படிச் செய்கிறவன் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து என் மூஞ்சியைப் பார்க்க வேண்டும் என்று நினைத்திருப்பாய்.

ஸ்டெல்லா அக்காவுக்குப் போன் செய்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமைகள் நினைவிருக்கிறதா என்று கேட்டேன்.

"நல்லா இருக்கு தம்பி. மூணு வாரம் கறி எடுத்துட்டு வரச் சொன்னான். மூணு வாரமும் நானும் அவனுமேதான் சாப்ட்டோம்." பிறகு, "நீங்க ஊர்ல இல்லன்னு சொன்னான்" என்றார்கள்.

ஊரில்தான் இருந்தேன். மூன்று ஞாயிறும் வீட்டில்தான் இருந்தேன்.

உன் இரண்டு ஃபைல்களையும் நேற்று குழுவில் போட்டேன். பெயரை மாற்றவில்லை. கொஞ்ச நேரம் அமளியாக இருந்தது. "சக்கத் அங்கிள், சூப்பர்! அப்ப ரெண்டு பேரும் கரெக்டா?" என்று ஒருவன் எழுதினான். அன்று முன்வரிசையில் சிரித்த பெண் மட்டும் விடவில்லை. "சரி அங்கிள், உங்க வெர்ஷன்லயே வச்சுக்குவோம். கேட்டுச்சு. அப்புறமும் ஏன் அவ தூக்கல?"

இருபது வருடம் இதற்கு என்னிடம் நாற்பது பக்கப் பதில் இருந்தது. இன்று காலை பீன்யா போகும் வழியெல்லாம் யோசித்தேன். உன் டிஸ்க் என் பையில், மதியச் சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் இருக்கிறது. டப்பாவைத் திறந்தால் சோற்றிலும் அந்துருண்டை வாசனை வருகிறது. வெளியே எடுத்து வைக்கவில்லை.

அந்தப் பெண்ணுக்கு இன்னும் பதில் எழுதவில்லை. அவள் கேள்வியை நான் படித்துவிட்டேன் என்பது அவளுக்குத் தெரியும்.