பிரிந்து வாழாத காரணத்தால் மறுக்கப்பட்ட சான்றிதழ்

அனுப்புநர்:
திருமதி தெயோடோரா மக்பனுவா கோஸ்கிநென்,
மீன் இறங்குதளம் எதிரில்,
எஸ்தான்சியா, இலோயிலோ மாகாணம்.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
கடல்கடந்து குடிபெயரும் மணமக்கள் அறிவுரை அலுவலகம்,
இலோயிலோ நகரம்.

பொருள்: அயல்நாட்டுக் கணவருடன் குடிபெயர்வதற்கான அறிவுரைச் சான்றிதழ் எனக்கு இருமுறை மறுக்கப்பட்டது – மறுபரிசீலனை வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய இயக்குநர் ஐயா அவர்களுக்கு,

1. எனக்கு வயது நாற்பத்தாறு. நூடுல்ஸ் சூப் கடை வைத்திருக்கிறேன். என் கணவர் திரு. தாப்பியோ கோஸ்கிநென் பின்லாந்து நாட்டவர். எங்கள் ஊர் ஐஸ் ஆலையில் இயந்திரம் பொருத்த மூன்று வாரத்துக்கென்று வந்தார். வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. ஏழு ஆண்டுகளுக்கு முன் ஊரறியத் திருமணம் செய்துகொண்டோம். அவருடைய தாயாருக்கு எண்பத்து மூன்று வயது, தனியாக இருக்கிறார். எனவே அங்கேயே குடிபோக முடிவெடுத்தோம். பின்லாந்து அரசு என்னை உள்ளே வரவிட ஆறு வாரத்தில் சம்மதித்துவிட்டது. நம் அரசு என்னை வெளியே விடத்தான் ஏழு மாதமாக யோசிக்கிறது.

2. சென்ற மார்ச் 11 அன்று தங்கள் அலுவலகத்தின் கட்டாய வகுப்பில் கலந்துகொண்டேன். முன்பின் தெரியாதவனை நம்பிப் போய்ச் சீரழிந்த பெண்களுக்காக ஏற்பட்ட வகுப்பு அது. நல்ல ஏற்பாடு, குறை சொல்லமாட்டேன். என் ஒன்றுவிட்ட தங்கைக்கு அது காலத்தில் கிடைத்திருந்தால் இன்று அவள் நிலைமையே வேறு. ஆனால் அறிவுரையாளர் திருமதி கொன்சோர்சியா பலிதா என்னைப் பார்த்து, "அக்கா, அந்த ஆளு உங்களை அடிச்சா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார். "ஒம்பது வருசமா அடிக்கலையே மேடம். எனக்கு அக்கா தங்கச்சி அஞ்சு பேரு, எல்லாரும் பக்கத்து வீட்டுலதான். அவரு அஞ்சு பேருக்கும் பயந்துக்கிட்டு கிடக்காரு" என்றேன். வகுப்பு சிரித்தது. அம்மையார் சிரிக்காமல் எதையோ குறித்துக்கொண்டார்.

3. அடுத்து நேர்காணல். எங்கள் உறவு உண்மையானது என்று நிறுவ, நாங்கள் ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்களைக் கேட்டார்கள். எங்களிடம் ஒன்றுகூட இல்லை. ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு யார் யாருக்குக் கடிதம் எழுதுவது என்று பணிவுடன் கேட்டேன். "எல்லா ஜோடியும் பெட்டி பெட்டியா கொண்டுவர்றாங்க. உங்களுக்கு மட்டும் எப்படி ஒண்ணும் இல்லாம போகும்?" என்று அம்மையார் சந்தேகப்பட்டார்.

4. புகைப்படத்திலும் இதே சிக்கல். இருவர் மட்டும் தனித்திருக்கும் படம் வேண்டுமாம். ஐயா, தாங்களும் நம் தீவில் பிறந்தவர்தான். நம் ஊரில் ஒருவர் கேமராவை எடுத்தால் என்ன நடக்கும் என்பது தாங்கள் அறியாததல்ல. எங்கள் திருமணப் படத்தில் அறுபத்து மூன்று பேர் இருக்கிறார்கள், அதில் ஒன்பது பேர் யாரென்று எனக்கே தெரியாது. தேனிலவுப் படத்தில் என் அக்காமார் மூவர், அவர்கள் பிள்ளைகள், படகோட்டி. இருபத்திரண்டு படங்களைக் கொடுத்தேன். எல்லாவற்றையும் புரட்டிவிட்டு, "இதுல யாரு உங்க புருசன்?" என்றார். அந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு வெள்ளைக்காரர்தான் நிற்கிறார் என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

5. சான்றிதழ் மறுக்கப்பட்டது. ஆனால் அம்மையார் நல்ல மனதுடன் ஒரு வழியும் சொன்னார்: "மூணு மாசம் தனித்தனியா இருங்க அக்கா. மெசேஜ் அனுப்பிக்கோங்க. அப்புறம் பிரிண்ட் எடுத்துட்டு வாங்க." அதாவது, நாங்கள் சேர்ந்து வாழ்கிறோம் என்று நிரூபிக்கப் பிரிந்து வாழ வேண்டும். அரசு சொல்லுக்குக் கட்டுப்பட்டு, என் கணவர் எதிர்த்தீவில் ஒரு அறை எடுத்துத் தங்கினார். அவர் பேசினாலே அதிசயம், எழுத்தைக் கேட்கவா வேண்டும்! நான் "சாப்பிட்டாச்சா?" என்று அனுப்பினால் "ம்" என்று வரும். ஒருநாள் மட்டும் "கம்ப்ரஸர்ல எண்ணெய் ஒழுகுது" என்று நீளமாக எழுதியிருந்தார். ஞாயிறுதோறும் படகேறி வந்து துவைத்த துணியும் வறுத்த மீனும் வாங்கிப் போனார். ஜூலையில் எல்லாவற்றையும் அச்செடுத்துக் கொடுத்தேன். கோப்பில், "அன்பின் வெளிப்பாடு போதுமானதாக இல்லை" என்று எழுதி மீண்டும் மறுத்துவிட்டார்கள்.

6. அதே மாதக் கடைசியில் என் மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். இருவருக்கும் பயணச்சீட்டு எடுத்திருந்தோம். சான்றிதழ் இல்லாமல் என்னை விமானமேற விடமாட்டார்கள் என்பதால் என் கணவர் மட்டும் ஆகஸ்ட் 2 அன்று புறப்பட்டார். விமான நிலையத்தில் அவர் என் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

7. இப்போது தினமும் எழுதுகிறார், ஐயா. அம்மாவுக்கு என்ன ஊட்டினார், அம்மா எவ்வளவு தூங்கினார், வெளியே என்ன குளிர் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார். செப்டம்பர் 19 கடிதத்தில் இப்படி இருக்கிறது: "வீடு சத்தமே இல்லாம இருக்கு. சத்தமில்லாம இருந்தாத்தான் எனக்குப் பிடிக்கும்னு இத்தனை வருசம் நெனச்சிட்டு இருந்தேன். காலையில எழுந்ததும் அம்மா, 'அவ வந்துட்டாளா?'ன்னு கேக்குறாங்க. கிறிஸ்துமஸ் வரைக்கும் தாங்க மாட்டாங்கன்னு டாக்டர் சொல்றாரு." இதைப் படித்த அன்று நான் கடை திறக்கவில்லை.

8. அக்கடிதங்களுடன் சென்ற வாரம் மூன்றாம் முறையாகத் தங்கள் அலுவலகம் வந்தேன். அம்மையார் படித்துக் கண்கலங்கினார், பொய் சொல்லமாட்டேன். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்பத்தான் அக்கா பாசம் தெரியுது! இன்னும் மூணு மாசம் இப்படியே போகட்டும், ஃபைல் அசைக்க முடியாத மாதிரி ஆயிடும்" என்றார்.

9. எனவே ஐயா, ஐம்பத்தெட்டுக் கடிதங்களின் அசல்களை இத்துடன் இணைத்துள்ளேன். நகல் எடுத்துக்கொள்ளவில்லை. திருப்பித் தரவும் வேண்டாம், தங்கள் அலுவலகமே வைத்துக்கொள்ளலாம். என் மாமியார் கண் மூடுவதற்குள் நான் போய்ச் சேர வேண்டும். அவர் கண் மூடும்போது என் கணவர் அந்த வீட்டில் தனியாக இருக்கக் கூடாது. நூறாவது கடிதத்தை என் கணவர் எழுத வேண்டிய அவசியம் வராமல், இம்மாதத்துக்குள் சான்றிதழ் வழங்க ஆவன செய்யுமாறு தங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: எஸ்தான்சியா
நாள்: 09.10.2019

இப்படிக்கு,
தங்கள் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்து பிரிந்து வாழும்,
(ஒப்பம்)
தெயோடோரா மக்பனுவா கோஸ்கிநென்